பெருவிரல் பட்ட பக்கங்கள்

பழைய வேதப்புத்தகம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தால் எங்கள் கடையில் அதைச் சட்டென்று திறந்துவிட முடியாது. மேசையில் துவைத்த வேட்டித்துணி ஒன்றை விரிக்கவேண்டும். புத்தகத்தை முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தி, இரண்டு அட்டையையும் கையால் தாங்கி, மெல்ல விடவேண்டும். அது தானாக எந்தப் பக்கத்தில் பிளக்கிறதோ அந்த எண்ணை வேலைச்சீட்டில் முதல் வரியாக எழுதவேண்டும். கொண்டுவந்தவர் பெயர், போன் நம்பர், ரேட் எல்லாம் அதற்குப் பிறகுதான். "ஆளு பேர அப்புறம் எழுது பிள்ள. புத்தகம் எங்க தொறக்குதுன்னு மொதல்ல பாரு" என்பார் கடைக்காரர் அண்ணாச்சி.

கடை இருப்பது பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில். கணக்கு நோட்டு, வக்கீல் வீட்டுச் சட்டப்புத்தகம், கல்லூரி ஆய்வேடு, பள்ளிக்கூட வருகைப்பதிவேடு என்று எல்லாம் வரும். பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை தாள் மடித்துக் கொடுக்கலாம் என்று போனவள் நான். மடிப்பிலிருந்து தையலுக்கும், தையலிலிருந்து முதுகு கட்டுவதற்கும், கடைசியில் பழம்புத்தகம் பிரிக்கும் மேசைக்கும் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊரில் பழம்புத்தகம் என்றால் பெரும்பாலும் வேதப்புத்தகம்தான். மிஷனெரி ரேனியஸ் 1826-இல் கட்டிய, ஊசிக்கோபுரம் என்று வழங்கும் ஆலயத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடமும் அச்சகமுமாக வளர்ந்த ஊர். தாத்தா வாசித்தது, ஆச்சி வாசித்தது என்று துணிப்பையில் பொதிந்து எடுத்துவருபவர்கள் வருஷம் முழுக்க உண்டு. டிசம்பர் நெருங்கினால் அடுக்கி வைக்க இடம் இருக்காது.

நானும் சபையில் வளர்ந்தவள். தாய்தகப்பன் விசுவாசம் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் விசுவாசம் எப்படி இறங்கி வருகிறது, எங்கே அறுந்து போகிறது, அறுந்தது எங்கே மறுபடி முளைக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தது இந்த மேசையில்தான்.

பிரிப்பதற்கு முன்னால் புத்தகத்துக்குள் கிடப்பவற்றை எடுத்துவிடவேண்டும். குருத்தோலை ஞாயிறன்று மடித்த ஓலைச்சிலுவை, காய்ந்த அரசிலை, காலிக் காணிக்கைக் கவர், அடக்க ஆராதனை அட்டை, யாருக்கோ கல்யாண ஓலை வாசிக்கும் தேதிகளைக் குறித்த துண்டுச்சீட்டு. எதுவும் குப்பைக்குப் போகக்கூடாது. எந்த இரண்டு பக்கத்துக்கு நடுவில் இருந்ததோ அந்த எண்களைக் கவரின்மேல் எழுதி உள்ளே போட்டு வைக்கவேண்டும். வேலை முடிந்ததும் அது அது அதனதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வந்த புதிதில் ஒரு புத்தகத்தில் மங்கிப்போன ரேஷன் ரசீது ஒன்று இருந்தது. "இதையுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எந்த அதிகாரத்துல கெடக்கு?" என்றார். பார்த்தேன். 1 இராஜாக்கள் 17. பஞ்சகாலத்தில் சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மா குறையாமல் இருந்த கதை. அரிசி வாங்க வழியில்லாத ஏதோ ஒரு மாதத்தில் யாரோ அந்த ரசீதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அட்டையைக் கழற்றுவது சுலபம். மடங்கும் ஓரத்தில் கத்தியால் ஒரு கீறல், முடிந்தது. முதுகில் இறுகிக் கிடக்கும் பழைய வஜ்ரப்பசையை எடுப்பதுதான் பெரும்பாடு. அவசரப்பட்டுச் சுரண்டினால் தாளின் மடிப்போடு சேர்ந்து வந்துவிடும். மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி முதுகு முழுக்க அப்பவேண்டும். ஈரம் ஊற ஊற வஜ்ரம் இளகும். தோல் ஊறவைத்த நாற்றம் கடையெல்லாம் அடிக்கும். அப்போது மழுங்கிய மூங்கில்பத்தையால் வழித்தெடுக்கலாம். பிறகு மடித்த தாள்கட்டுகளை ஒவ்வொரு ஃபாரமாகத் திறந்து நடுமடிப்பில் ஓடும் நூலை வெட்டி, ஃபாரங்களை வரிசை மாறாமல் அடுக்கவேண்டும்.

வேதப்புத்தகத் தாள் ரொம்ப மெல்லியது. ஈரம் பட்டால் சுருங்கும், ஓரம் நெளியும். அதிலும் கையெழுத்து இருக்கிற பக்கத்தில் ஈரம் பட்டால் திரும்பக் கிடைக்காது. ஊற்றுப்பேனா மை கரைந்து ஓடும். காப்பியிங் பென்சிலால் எழுதியது ஈரம் கண்டதும் ஊதா நிறமாகிப் பரவும். சாதாரண பென்சில் எழுத்து மட்டும் அசையாது. ஆகவே பசை தொடுவதற்கு முன்பே எந்தெந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது, எதனால் எழுதியது என்று முழுப் புத்தகத்தையும் புரட்டிக் குறித்துக்கொள்ளவேண்டும். கடையில் கண் நன்றாகத் தெரிகிறவள் நான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை, அடுத்தவர் வீட்டுப் புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பழகியது அப்படித்தான்.

பழகப் பழகத் தாளே பேச ஆரம்பித்துவிடும். வலதுபக்கத் தாளின் கீழ் மூலையில் பெருவிரல் படும் இடம் முதலில் பழுக்கும், பிறகு கறுக்கும், கடைசியில் துணிபோல் மெத்தென்று ஆகிவிடும். தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு புரட்டியிருந்தால் அந்த இடத்தில் தாள் எண்ணெய் குடித்து, மறுபக்க எழுத்து இந்தப்பக்கம் தெரியும். மஞ்சள் கறை இருந்தால் அடுக்களையிலிருந்து எழுந்துவந்து சாயந்திர ஜெபத்துக்கு உட்கார்ந்த கை. மேல் ஓரத்தில் மெல்லிய கரிப்படலம் இருந்தால் மண்ணெண்ணெய் விளக்கு. ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் சங்கீதம் கறுத்திருக்கும், லேவியராகமம் வெளுத்திருக்கும். எண்ணாகமமும் நாளாகமமும்கூடப் பழுத்திருந்தால், விருப்பமான இடத்தை மட்டும் தேடிப் போகாமல் வருஷத்துக்கொரு முறை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த ஆள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட புத்தகங்களில் வெளிப்படுத்தலின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்டுகள் வரிசையாகப் பென்சிலில் எழுதியிருக்கும்.

ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இரண்டு புத்தகங்களை ஒரே சணலில் கட்டி எடுத்துவந்தார். ஒன்று பெரியது; தோல் அட்டை, மூன்று ஓரமும் கில்ட். இன்னொன்று சின்னது, கறுப்புக் காலிகோ. பெரியதை முதுகின்மேல் நிறுத்தி விட்டேன், பிளக்கவே இல்லை. கில்ட் போட்ட ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அச்சாகி வந்த நாளிலிருந்து திறக்காத புத்தகம்தான் அப்படி இருக்கும். சின்னதை நிறுத்தக்கூட முடியவில்லை, அது ஏற்கெனவே மூன்று துண்டு. சங்கீதத்தில் ஒரு தாளுக்கும் மூலை இல்லை. பின்னட்டைக்குள் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு கிழமை.

பெரிய புத்தகம் அவர் அப்பாவுடையது. சேகரக் கமிட்டியில் பல காலம் இருந்தவர், சபைத் தேர்தல் வழக்குகளை முன்னின்று நடத்தியவர். சின்னது அத்தையுடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல் பைபிள் உமனாக ஊர் ஊராக நடந்தவர். பட்டியலில் இருந்தது அண்ணன்தம்பி பிள்ளைகளின் பெயர்கள். அந்தந்தக் கிழமையில் அந்தந்தப் பிள்ளைக்காக ஜெபம். "எங்கப்பா கோயிலுக்காகக் கோர்ட்டுக்குப் போனாரு. அத்த கோயிலுக்குப் போனா" என்று ஆசிரியை சிரித்தார். பிறகு, "எனக்கு ஜெபிக்கச் சொல்லிக் குடுத்தது அப்பா இல்ல. செவ்வாக்கெழம என் பேரு. அன்னைக்கு அத்த வீட்ல தங்கினா விடியக்காலம் அவ முணுமுணுக்கது காதுல விழும்" என்றார். இரண்டையும் ஒரே நிற ரெக்சினில் போட்டுத்தரச் சொன்னார். அப்பாவுடையதை வெறுக்கவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கப்போவது எது என்பதைக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சோற்றுப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அண்ணாச்சியிடம் கேட்டேன். "தகப்பன் செஞ்சது பிள்ளைக்கு வரும்னுதானே பத்துக் கட்டளையில இருக்கு?" அவர் பிரசங்கியார் அல்ல. ஆனால் ஒரே புத்தகத்தை இத்தனை வருஷம் பிரித்துத் தைத்தவர். அதில் எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். யாத்திராகமம் 20-இல் அப்படித்தான் இருக்கிறது என்றார். அக்கிரமத்தின் விளைவு மூன்று நான்கு தலைமுறைக்கு வரும், இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு நீளும் என்று. "அதையே புடிச்சிட்டுத் தொங்காத. எசேக்கியேல் 18-ஐயும் வாசி." அங்கே வேறு பேச்சு. நீதிமானுக்குக் கெட்ட மகன் பிறந்தால் அப்பனுடைய நீதி அவனுக்கு ஒட்டாது. கெட்டவனுக்கு நல்ல மகன் பிறந்தால் அப்பனுடைய பாவம் அவன்மேல் விழாது. அவனவன் கணக்கு அவனவனுக்கு. "ரெண்டும் ஒரே புத்தகத்துல ஒரே நூல்ல தச்சிருக்கு. ஒண்ணக் கிழிச்சிட்டு இன்னொண்ண வச்சிக்க முடியாது" என்றார்.

இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதற்கு அவர் காட்டும் இடம் யூதாவின் ராஜாக்கள். எசேக்கியா 29 ஆண்டு ஆண்டவன், கர்த்தரைப் பற்றிக்கொண்டவன். அவன் மகன் மனாசே 12 வயதில் பட்டத்துக்கு வந்து 55 ஆண்டு ஆண்டான். அப்பன் இடித்த மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டினான். அவனுக்குப் பின் வந்த ஆமோனின் இரண்டு ஆண்டும் அதே வழி. அந்த ஆமோனின் மகன்தான் 8 வயதில் ராஜாவான யோசியா. அவன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது காணாமற்போயிருந்த நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்தது. வாசிக்கக் கேட்டதும் அவன் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். அண்ணாச்சிக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு தொழில்கர்வம் எட்டிப்பார்க்கும். "பாத்தியா, ரிப்பேர் பண்ணப் போன எடத்துலதான் கெடச்சிருக்கு." ராஜாக்கள் மட்டுமல்ல. ஏலி ஆசாரியன். அவன் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் பலிப்பண்டத்தைப் பிடுங்கித் தின்றவர்கள். ஏலியின் வீட்டைப் பற்றிய எச்சரிக்கையைச் சிறுவயதிலேயே கேட்ட சாமுவேலின் பிள்ளைகளும் பிற்காலத்தில் பரிதானம் வாங்கினார்கள். நல்ல தகப்பன் இருந்தால் போதும் என்று வேதம் எங்கேயும் எழுதித்தரவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. எரேமியா 35-இல் ரேகாபியர் என்றொரு குடும்பத்தார் வருகிறார்கள். திராட்சரசம் குடிக்கவேண்டாம், வீடு கட்டவேண்டாம், கூடாரத்தில் குடியிருங்கள் என்று அவர்களுடைய முப்பாட்டன் யோனதாப் சொல்லிவிட்டுப் போனான். இருநூறு ஆண்டுக்குமேல் கழிந்தும், தீர்க்கதரிசியே கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தும், அவர்கள் தொடவில்லை. புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயு. அவன் தகப்பன் கிரேக்கன். வீட்டில் விசுவாசம் வந்த வழி பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும். பவுல் அவன் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இரண்டு பெண்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். தகப்பன் பெயர் எங்கேயும் இல்லை. ஒருவருடைய உண்மை அடுத்தவருக்கு அப்படியே சொத்தாக எழுதப்படுவதில்லை. ஆனால் தினமும் ஒருவர் நடந்தால் அந்த இடத்தில் ஒரு ஒற்றையடிப்பாதை விழுகிறது. பின்னால் வருகிறவர்கள் அதில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பாதையே இல்லாத வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முள் அதிகம், அவ்வளவுதான்.

பின்னால் வருகிறவர் ரத்தசொந்தமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் பாப்பாத்தியம்மாள் கோயில் இருக்கிறது. குளோரிந்தா என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற மராத்திப் பிராமண விதவை 1785-இல் கட்டி முடித்தது. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் கல்யாணம் இல்லாமல் வாழ்ந்ததால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனெரி ஸ்வார்ட்ஸ் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல்தான் கொடுத்தார். அப்படி ஒதுக்கப்பட்டு நின்ற ஒரு பெண்ணின் கோயிலைத்தான் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்றைக்கு எல்லாரும் சொல்கிறோம். கடைக்கு வருகிற குடும்பப் புத்தகங்கள் பலவற்றுக்கும் மூலம் தேடிப் போனால் அந்த அம்மாவின் வாசலைத் தாண்டிப் போகமுடியாது.

வேலூரில் படித்த ஒரு நர்ஸ் தன் ஜெபப்புத்தகத்தைக் கொண்டுவந்தபோது பேச்சு ஸ்கடர் குடும்பத்தின் பக்கம் போனது. மருத்துவ மிஷனெரி ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு முதலில் யாழ்ப்பாணத்திலும் 1836-க்குப்பின் சென்னையிலும் வேலை செய்தவர். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்த வீட்டில் மிஷனெரியாகாதவர்களைத் தேடவேண்டும். பேத்தி ஐடா மட்டும் அந்த வழி தனக்கு வேண்டாம் என்று உறுதியாக இருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு அவரை அழைக்க வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் தகப்பனாரை உள்ளே விடமுடியாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா மருத்துவம் படித்தார், 1900-இல் வேலூரில் ஒரேயொரு கட்டிலோடு தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். தாத்தாவின் பெயர் அவரை இழுக்கவில்லை. வாசலில் வந்து நின்ற தேவைக்கு அவரே பதில் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் அந்த வாசல் தாத்தாவும் அப்பாவும் வந்து வேலை செய்த சீமையில் இருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

கைமாறும் வேறொரு விதத்தை ஒரு பழைய கீர்த்தனைப் புத்தகம் காட்டியது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் 12 வயதில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் இளவரசர் சரபோஜியோடு சேர்த்துப் படிக்கவைத்தார். 1864 வரை வாழ்ந்து, பெத்லகேம் குறவஞ்சி முதலாகப் பாடிக் குவித்தவர். அவர் வம்சத்தார் இன்றுவரை சாஸ்திரியார் என்ற பட்டத்தைத் தாங்கிக் கதாகாலட்சேபம் செய்துவருகிறார்கள். அங்கே விசுவாசம் தாளமும் ராகமுமாகக் கைமாறியது. பட்டத்தைத் தாங்குகிறவர் ஒவ்வொரு தலைமுறையிலும் பாடக் கற்கவேண்டும். கற்காமல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

பழம்புத்தகத்தில் எனக்கு அதிகம் கைநடுங்குவது பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவிலுள்ள குடும்பப் பக்கம். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், மரணம் எல்லாம் அங்கேதான். கிழிந்திருந்தால் மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் பிய்த்து, நார் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, நீர்த்த பசையால் பின்பக்கம் ஒட்டவேண்டும். கத்தரியால் வெட்டி ஒட்டினால் அந்த நேரான ஓரத்திலேயே நாளைக்கு மறுபடி உடையும். செல்லோடேப் பட்டிருந்தால் அந்த மஞ்சள் கறை போகவே போகாது.

ஒரு பக்கத்தில் நான்கு கையெழுத்து இருந்தது. முதலாவது உபதேசியார் ஒருவருடையது, அச்சுப்போல. அடுத்தது அவர் மகனுடையது, சாய்வெழுத்து. பிறகு நீண்ட காலத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளியில் பிள்ளைகள் பிறக்காமலா இருந்திருப்பார்கள்? பிறந்திருப்பார்கள். எழுத ஆளில்லை. பிறகு பால்பாயிண்டில், தமிழ் எழுதிப் பழக்கமில்லாத ஒரு கை, விடுபட்டவர்களின் பெயர்களை விசாரித்து விசாரித்துச் சேர்த்திருந்தது. தேதி தெரியாதவற்றுக்கு ஆண்டு மட்டும். நான்காவது கையெழுத்து குழந்தையுடையது. தன் ஞானஸ்நானத் தேதியைத் தானே எழுதியிருந்தது. கொண்டுவந்த பெரியம்மா சொன்னார்: "எங்க மாமனாரு கோயிலுக்கே வராத ஆளு. கல்யாணமாகி வந்தப்ப இது பரண்ல கெடந்துச்சு. நாந்தான் எறக்கினேன்." அந்த வீட்டில் விசுவாசத்தைத் திரும்பக் கொண்டுவந்தது வெளியிலிருந்து வந்த மருமகள். எங்கள் திருச்சபையே இந்த விஷயத்தில் இரண்டு படி வைத்திருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்தபின் திடப்படுத்தலில் பிள்ளை தன் வாயால் அதைச் சொல்லவேண்டும். இரண்டாவது படியை யாரும் யாருக்காகவும் ஏறமுடியாது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இறந்துபோன தாயாரின் புத்தகத்தைக் கொடுத்து, கண்ணாடி ஷோகேஸில் வைக்கும்படி கட்டித்தரச் சொன்னார். "பென்சில் கிறுக்கல் நெறைய இருக்கு. அழிச்சிடுங்க, க்ளீனா இருக்கட்டும்." அண்ணாச்சி ஒரு பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். ஓரத்தில் அவருடைய பெயர், 'பரீட்சை' என்று ஒரு சொல், தேதி. இன்னொரு பக்கம். மறுபடி அவர் பெயர், 'விசா', தேதி. வேறொரு பக்கத்தில் பெயரும் தேதியும் மட்டும், காரணம் எழுதவில்லை. "அழிக்கணும்னா நீங்களே அழிச்சிட்டுக் கொண்டாங்க சார். நாங்க செய்யமாட்டோம்" என்றார் அண்ணாச்சி. அவர் கொஞ்சநேரம் நின்றார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். முடிந்ததும் டிரைவர் வந்து வாங்கிப் போனார். அவர் அதை வாசிக்கிறாரா, ஷோகேஸில் பூட்டினாரா, எங்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. அந்தத் தாய் எழுதியது மகன் பார்க்கவேண்டும் என்பதற்காக அல்லவே. பலன் வரும் என்று தெரிந்து செய்வது ஒன்று. தெரியாமலே நாள்தவறாமல் செய்வது வேறொன்று. விசுவாசம் என்ற பேருக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

தையலுக்கு வருவோம். பழைய ஊசித்துளை நல்லபடி இருந்தால் புதுத்துளை போடக்கூடாது. மெழுகு தேய்த்த நூலால், ஃபாரத்துக்கு ஃபாரம், முதுகில் குறுக்கே ஓடும் நாடாக்களைச் சுற்றித் தைத்துப் போகவேண்டும். இழுப்பு அதிகமானால் தாள் அறுக்கும், குறைந்தால் புத்தகம் ஆடும். பிறகு முதுகில் பசை, வலைத்துணி, அதன்மேல் தாள். பசையில் மயில்துத்தம் கலந்தால்தான் பூச்சி அண்டாது. இதில் எதுவும் அட்டை போட்டபின் வெளியே தெரியாது. தெரியாத இடத்தில் அண்ணாச்சி காட்டும் கவனத்தைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். அவர் எனக்குப் பாடம் எடுத்ததாக ஞாபகமே இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்தார். உபாகமம் 6-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்வதும் அப்படித்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. தனியாக ஒரு வகுப்பு வைக்கச் சொல்லவில்லை. அண்ணாச்சியின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கடைக்கு வாரிசு யார் என்று கேட்பவர்களிடம் அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்.

ஓரம் வெட்டுவதில்தான் எங்களுக்கும் மற்றக் கடைகளுக்கும் வித்தியாசம். கட்டிங் மெஷினில் கொடுத்தால் மூன்று ஓரமும் பளிச்சென்று வரும், வாங்குபவருக்கும் பிடிக்கும். ஆனால் வேதப்புத்தகத்தை நாங்கள் மெஷினுக்குக் கொடுப்பதில்லை. ஓரத்தில்தான் குறிப்பு இருக்கும், தேதி இருக்கும், விரல் கறை இருக்கும். கடைசியாகப் பின்பக்கம் நான்கு வெற்றுத்தாள் சேர்த்துத் தைப்போம். எதற்கு என்று கேட்பவர்களிடம், குடும்பப் பக்கம் நிரம்பிவிட்டது, இனி வருகிறவர்கள் எழுத இடம் வேண்டுமே என்போம்.

வாங்க வருகிறவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்வி: "பேரப்பிள்ளைங்க காலம்வரைக்கும் தாங்குமா?" தாங்கும் என்று சொல்லிவிட்டு, நான் இப்போதெல்லாம் கேளாமலே இரண்டு மூன்று யோசனையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் பூட்டாதீர்கள், காற்றுப்படாத புத்தகத்தைத்தான் பூச்சி முதலில் பிடிக்கும். பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் உயிலில் எழுதாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே, அதிலிருந்து கொஞ்சநாள் சேர்ந்து வாசித்துவிட்டுக் கொடுங்கள். அட்டையில் குடும்பப்பேரைத் தங்க எழுத்தில் போடச் சொன்னால் போட்டுத் தருகிறோம், அதற்குத் தனி ரேட். தையலுக்கும் முதுகுக்கும் கியாரண்டி உண்டு. உள்ளே அழுக்காக்கிக்கொள்வது மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு.